சிகரெட், கோதுமை மாவு, ஹோட்டல்: பல தொழில் செய்யும் நிறுவனத்தை மாணவர்களுக்குப் படிக்கக் கற்றுத்தருவது எப்படி

எம்பிஏ மாணவர்களிடம் ஐடிசி நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கொடுத்து, இதன் கார்ப்பரேட் உத்தியை ஆராய்ந்து எழுதி வாருங்கள் என்று சொன்னால், பெரும்பாலும் ஒரே மாதிரியான அறிக்கைதான் திரும்பி வரும். சிகரெட்டுக்கு ஒரு பலம்-பலவீனப் பட்டியல், பிஸ்கட்டுக்கு ஒன்று, ஹோட்டலுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. கடைசிப் பக்கத்தில், சந்தை வளர்ச்சியையும் சந்தைப் பங்கையும் வைத்துத் தொழில்களை வகை பிரிக்கும் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் நான்கு கட்டங்கள். அதில் சிகரெட் கறவை மாடு, ஆசீர்வாத் மாவு கேள்விக்குறி. உழைத்திருப்பார்கள், தகவலும் சரியாக இருக்கும். ஆனால் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

அவர்கள் ஆராய்ந்தது ஐந்து தொழில்களை. நான் கேட்டது ஒரு நிறுவனத்தைப் பற்றி. ஐடிசியின் சன்ஃபீஸ்ட் பிஸ்கட் பிரிட்டானியாவோடு எப்படிப் போட்டியிடுகிறது என்பது தொழில் உத்தி. சிகரெட் விற்கும் நிறுவனம் பிஸ்கட்டும் ஏன் செய்ய வேண்டும், அப்படிச் செய்வதால் பிஸ்கட்டுக்கு என்ன கிடைக்கிறது, சிகரெட்டுக்கு என்ன கிடைக்கிறது, இரண்டையும் தனித்தனியே விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதெல்லாம் நிறுவன உத்தி. கூட்டுக்குடும்பத்தைப் புரிந்துகொள்ள ஒவ்வொருவரின் சம்பளத்தையும் குணத்தையும் எழுதி வைத்தால் போதாது. சேர்ந்து இருப்பதால் என்ன நடக்கிறது, யார் காசில் யார் படிக்கிறார்கள், தனிக்குடித்தனம் போனால் யார் நன்றாக இருப்பார்கள் என்று கேட்டால்தான் குடும்பம் புரியும். இந்த ஒரு கேள்விக்கு மாணவர்களைக் கொண்டு வந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது என்பது என் அனுபவம்.

இதைக் கற்பிக்க ஐடிசி அளவுக்குப் பொருத்தமான இந்திய நிறுவனம் வேறு இல்லை என்று நினைக்கிறேன். 1910இல் கொல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா என்ற பெயரில் தொடங்கியது. 1970இல் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆனது. 1974இல் வெறும் மூன்று எழுத்தாகச் சுருங்கியது. பெயரிலிருந்து புகையிலை மறைந்த கதையே ஒரு வகுப்புக்குப் போதும். ஒரே பங்குச்சான்றிதழுக்குள் இத்தனை தொழில்கள் இருப்பதும், எல்லாவற்றின் கணக்கும் பொதுவெளியில் கிடைப்பதும் ஆசிரியருக்கு இன்னும் பெரிய வசதி.

முதல் வகுப்பில் நான் ஆண்டறிக்கை முழுவதையும் தருவதில்லை. பிரிவுவாரிக் கணக்குக் குறிப்பு இருக்கும் இரண்டு பக்கங்களை மட்டும், பத்து ஆண்டுகளுக்கு, நிறுவனத்தின் பெயரையும் பிரிவுகளின் பெயர்களையும் மறைத்துத் தருவேன். பிரிவு ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் இருக்கும். வருவாய், லாபம், போட்ட மூலதனம், அந்த ஆண்டு செய்த முதலீடு ஆகியவற்றை வைத்துக்கொண்டு இது என்ன தொழிலாக இருக்கும் என்று ஊகிக்கச் சொல்வேன். போட்ட மூலதனத்தை விட ஓர் ஆண்டு லாபமே அதிகமாக இருக்கும் பிரிவைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதுதான் சிகரெட். நிறைய மூலதனத்தை விழுங்கிவிட்டு, ஆண்டுக்கணக்காக ஒற்றை இலக்கச் சதவீதத்தில் லாபம் தரும் பிரிவு ஹோட்டல். பெயரைச் சொல்லிவிட்டால் மாணவர்கள் விளம்பரத்தில் பார்த்ததை எழுதுவார்கள். பெயரை மறைத்தால் எண்ணைப் படிப்பார்கள்.

இந்தக் குறிப்பைப் படிக்கும்போது ஒரு விவரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியக் கணக்கியல் தரநிலை 108இன்படி, நிறுவனத்தில் முடிவெடுக்கும் தலைமை எந்தப் பிரிவுகளாகப் பிரித்துப் பார்க்கிறதோ, அதே பிரிவுகளாகத்தான் வெளியிலும் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே அந்த அட்டவணை தலைமையகத்தின் கண்ணாடி. ஐடிசி அட்டவணையில் சிகரெட்டுக்குத் தனி வரி உண்டு. ஆனால் மாவு, பிஸ்கட், நூடுல்ஸ், நோட்டுப் புத்தகம், ஊதுபத்தி, தீப்பெட்டி, சோப்பு எல்லாம் "பிற நுகர்பொருள்கள்" என்ற ஒரே வரிக்குள் அடக்கம். இதில் மாவு சம்பாதித்து சோப்பு செலவழிக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எது தெரிகிறது, எது ஒரே வரிக்குள் கலந்து கிடக்கிறது என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்தால், மாணவர்கள் பின்னாளில் எந்த நிறுவனத்தின் கணக்கையும் ஏமாறாமல் படிப்பார்கள்.

அதே அட்டவணையில் பலரும் தாண்டிப் போகும் இன்னொரு வரி, பிரிவுகளுக்கிடையேயான விற்பனை. அதாவது ஒரு பிரிவு நிறுவனத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவுக்கு எவ்வளவு விற்றது என்ற கணக்கு. "ஒருங்கிணைவால் பலன்" என்று எல்லா நிறுவனங்களும் எழுதுகின்றன. அது நிஜமா என்று தேட இதுதான் முதல் இடம். ஐடிசியில் விவசாயப் பிரிவும் காகிதப் பிரிவும் உள்ளுக்குள் கணிசமாக விற்கின்றன. புகையிலையும் கோதுமையும் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன. அட்டையும் அச்சிட்ட உறைகளும் இந்தப் பக்கத்திலிருந்து. நம் திருவொற்றியூரில் இருக்கும் அச்சு, பேக்கேஜிங் ஆலை சிகரெட் அட்டைக்காகத் தொடங்கிய தொழிலின் வாரிசுதான். ஹோட்டல் பிரிவுக்கு எதிரே அந்த வரியில் இருந்தது அற்பத் தொகை. நிர்வாகம் பக்கம் பக்கமாக எழுதியதை விட இந்த ஓர் எண் அதிகம் சொல்கிறது.

எண் மட்டும் போதாது. தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டியதும் உண்டு. "சிகரெட்டுக்காக உருவான விநியோக வலைதான் மற்ற பொருட்களுக்கும் பலம்" என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லா மாணவர் அறிக்கைகளிலும் வரும். சரி, வாருங்கள் பார்க்கலாம் என்று அவர்களைப் பெட்டிக்கடைக்கு அனுப்புவேன். ஒரு மணி நேரம் நின்று, கடையில் இருக்கும் ஐடிசி பொருட்களை எழுதி வர வேண்டும். பெட்டிக்கடையில் சிகரெட் இருக்கும், தீப்பெட்டி இருக்கும், மிட்டாய் இருக்கும், பத்து ரூபாய் பிங்கோ சரம் தொங்கும், சிறிய பிஸ்கட் பொட்டலம் இருக்கும். ஐந்து கிலோ ஆசீர்வாத் மாவு அங்கே இருக்காது. அது மளிகைக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும்தான். கிளாஸ்மேட் நோட்டு ஸ்டேஷனரி கடையில். அங்கே சரக்கு போகும் வழி வேறு, விற்பனைப் பிரதிநிதி வேறு, ஜூன் மாதப் பள்ளி சீசன் வேறு. சிகரெட் வலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் நேரடியாக உதவியது. மாவுக்கு அவ்வளவாக இல்லை. மாவுக்கு உதவியது வேறொன்று.

அந்த வேறொன்று கோதுமை வாங்கும் திறமை. புகையிலையை விவசாயிகளிடமிருந்து தரம் பிரித்து வாங்கும் வேலையை இந்த நிறுவனம் நூறாண்டுக்கும் மேலாகச் செய்து வருகிறது. குண்டூர் பக்கம் போனால் அதன் தடம் தெரியும். 2000ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் இ-சௌபால் தொடங்கியது. கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் கணினி வைத்து, சோயா விலையை முந்தைய நாளே தெரியப்படுத்தி, நேரடியாகக் கொள்முதல் செய்த முறை அது. பிறகு கோதுமைக்கும் விரிந்தது. எந்தப் பகுதிக் கோதுமை எப்படிப்பட்ட சப்பாத்தி தரும் என்று தெரிந்து, ரகம் பிரித்து வாங்கி, கலந்து அரைப்பதுதான் 2002இல் வந்த ஆசீர்வாத் மாவின் அடித்தளம். "விநியோக பலம்" என்று எழுதிய மாணவர், பெட்டிக்கடையில் நின்று வந்த பிறகு "கொள்முதல் பலம்" என்று திருத்துவார். இந்தத் திருத்தத்துக்காகத்தான் அந்த ஒரு மணி நேரம்.

இந்த இடத்தில் மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத்தைக் கொண்டு வருவேன். 1941இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். 1990இல் கேரி ஹேமலுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் பெரிய நிறுவனத்தை மரமாகப் பார்க்கச் சொன்னார். இலையும் பூவும் பழமும் நாம் வாங்கும் பொருட்கள், கிளைகள் தொழில் பிரிவுகள், எல்லாவற்றுக்கும் உணவூட்டும் வேர் மூலத்திறன், அதாவது நிறுவனத்துக்கே உரிய அடிப்படைத் திறமை. ஹோண்டாவுக்கு என்ஜின்தான் வேர். காரும் பைக்கும் ஜெனரேட்டரும் கிளைகள். ஐடிசிக்கு வேர் எது என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிராண்ட் உருவாக்கம் என்பார்கள் சிலர், விவசாயக் கொள்முதல் என்பார்கள் சிலர். இருக்கட்டும், ஹோட்டல் எந்த வேரிலிருந்து முளைத்தது என்று கேட்டால் இரு தரப்பும் அமைதியாகிவிடும். சமையலறையைச் சொல்லலாம், ஹோட்டலின் புகழ்பெற்ற தால் புகாரா என்ற பருப்பை 2001இல் கிச்சன்ஸ் ஆஃப் இந்தியா என்ற பெயரில் பொட்டலமாக்கி விற்றார்கள். ஆனால் ஒரு பருப்புக்காகப் பல ஆயிரம் கோடி ரூபாய் ஹோட்டல் தேவையா என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி.

ஹோட்டலைப் புரிந்துகொள்ள 1975க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு சென்னையில், கதீட்ரல் சாலையில், சோழா என்ற பெயரில் ஐடிசியின் முதல் ஹோட்டல் வந்தது. அன்றைய இந்தியாவில் ஒரு பெரிய நிறுவனம் நினைத்த தொழிலில் இறங்க முடியாது. 1969இன் ஏகபோகத் தடுப்புச் சட்டம் ஒரு பக்கம், வெளிநாட்டுப் பங்கைக் கட்டுப்படுத்திய 1973இன் அந்நியச் செலாவணிச் சட்டம் இன்னொரு பக்கம். அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழிலை அரசு வரவேற்றது. ஹோட்டல் அப்படிப்பட்ட தொழில். சிகரெட்டில் பணம் கொட்டுகிறது, சிகரெட்டிலேயே போட வழியில்லை, அனுமதி கிடைக்கும் கதவு இது. இன்றைய கண்ணால் பார்த்து அதைத் தவறு என்று எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். காரணம் அன்றே சரியாக இருந்திருக்கலாம். 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு அந்தக் காரணம் போய்விட்டது, ஹோட்டல் மட்டும் தங்கிவிட்டது. தொடங்கிய காரணம் காலாவதியான பின்னும் தொழில் ஏன் தொடர்ந்தது என்பதுதான் இன்னும் கூர்மையான கேள்வி.

புதிய தொழிலில் இறங்கலாமா என்று பார்க்க, உத்தி அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1987இல் மூன்று சோதனைகளைச் சொன்னார். நுழையும் தொழில் லாபம் தரக்கூடியதா, நுழைவதற்கான செலவே எதிர்கால லாபத்தை எல்லாம் தின்றுவிடுமா, நம்மிடம் வந்ததால் அந்தத் தொழிலோ நாமோ முன்பை விட நன்றாக இருப்போமா. 33 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் 1950 முதல் 1986 வரையிலான விரிவாக்கங்களை அவர் பார்த்தார். வாங்கிச் சேர்த்தவற்றில் வைத்துக்கொண்டதை விடக் கைவிட்டதே அதிகம் என்று கண்டார். மாணவர்கள் முதல் சோதனையை உற்சாகமாகச் செய்வார்கள், சந்தை வளர்ச்சி விகிதம் போட்டு நிரப்புவார்கள். மூன்றாவதில்தான் தடுமாறுவார்கள். அதற்குப் பதில் எழுத இந்தத் தொழில் வேறொருவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டும், கற்பனைக்கு ஆதாரமும் காட்ட வேண்டும்.

ஆதாரம் தேட நல்ல இடம் தோல்விகள். ஐடிசி கிளாசிக் என்று ஒரு நிதி நிறுவனம் 1980களில் தொடங்கி, 1990களின் பிற்பகுதியில் ஐசிஐசிஐயோடு இணைக்கப்பட்டது. ஐடிசி அக்ரோடெக்கின் சமையல் எண்ணெய்த் தொழில் அமெரிக்க கான்அக்ரா நிறுவனத்திடம் போனது. 2000இல் வில்ஸ் ஸ்போர்ட் என்று தொடங்கிய துணிக்கடைகளும் சுமார் இருபது ஆண்டுக்குள் மூடப்பட்டன. இவற்றைச் சுவரில் ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் மாவு, பிஸ்கட், நோட்டுப் புத்தகம், ஊதுபத்தி என்று எழுதுங்கள். தலைமையகத்துக்கு எது கைவந்த கலை, எது பிடிபடவில்லை என்பது தானாகத் தெரிய ஆரம்பிக்கும். துணியின் பருவ மாற்றமும், நிதித் தொழிலின் அபாயமும் மெதுவாக, நிதானமாக பிராண்ட் வளர்க்கும் கைக்கு ஒத்துவரவில்லை. இது என் வாசிப்பு. மறுத்து வாதிடும் மாணவர் நல்ல ஆதாரம் கொண்டு வந்தால் எனக்கு மகிழ்ச்சி.

பொறுமையைப் பற்றியும் பேச வேண்டும். பிற நுகர்பொருள்கள் பிரிவு 2000களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் நஷ்டம் காட்டியது. 2013-14இல்தான் முழு ஆண்டுக்கு லாபப் பக்கம் வந்தது. தனி நிறுவனமாக இருந்திருந்தால் எந்த வங்கியும் எந்தப் பங்குதாரரும் அவ்வளவு காலம் பொறுத்திருக்க மாட்டார்கள். சிகரெட் பணம் பொறுத்தது. 1996 முதல் தலைவராக இருந்த ஒய்.சி. தேவேஷ்வரின் பிடிவாதமும் அதில் உண்டு. 2023-24இல் அந்தப் பிரிவின் வருவாய் 20,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்படியிருந்தும் சிகரெட் பிரிவின் லாபம் அந்தப் பிரிவின் லாபத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. இதை வெற்றி என்பதா, இத்தனை பணத்துக்கு இவ்வளவுதானா என்பதா? ஒரு பிரிவின் பணத்தை இன்னொரு பிரிவுக்குத் தரும், உள்ளுக்குள் நடக்கும் இந்த மூலதனச் சந்தை, வெளியிலுள்ள சந்தையை விட நன்றாக வேலை செய்ததா என்பதுதான் கேள்வி. அந்தப் பணத்தை ஈவுத்தொகையாகக் கொடுத்திருந்தால் பங்குதாரருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு குழுவைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். எக்செல் தெரிந்த பிள்ளைகள் இரண்டு இரவில் போட்டுவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு மாணவியாவது எழுந்து, புகையிலையில் வந்த பணம்தானே இதெல்லாம் என்று கேட்பார். அதை நேரமில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது அறம் பற்றிய கேள்வி, அப்படியே வகுப்பில் பேசப்பட வேண்டும். உத்தி பற்றிய கேள்வியும் கூட. வரி ஒவ்வொரு முறை ஏறும்போதும், 2003இன் புகையிலைச் சட்டம் விளம்பரத்தைத் தடை செய்தது போல ஒவ்வொரு கட்டுப்பாடு வரும்போதும், மற்ற எல்லாத் தொழில்களுக்கும் சோறு போடும் அடுப்பே ஆட்டம் காணும்.

பல தொழில் செய்யும் நிறுவனத்தைப் பங்குச்சந்தை அதன் பாகங்களின் கூட்டுத்தொகையை விடக் குறைவாக மதிப்பிடுகிறது என்பது பாடநூல் செய்தி. 1995இல் பெர்கர், ஓஃபெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்க நிறுவனங்களை வைத்து இந்தக் குறைவு சராசரியாக 13 முதல் 15 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். மாணவர்கள் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது இரண்டு எதிர்வாதங்களைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த நிறுவனங்களே பல தொழில்களில் இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் விலைக் குறைவுக்குக் காரணம் விரிவாக்கமாக இருக்காது. இது ஒன்று. இன்னொன்று, 1997இல் தருண் கன்னாவும் கிருஷ்ண பலேபுவும் சொன்னது: மூலதனச் சந்தையும் நுகர்வோர் பாதுகாப்பும் ஒப்பந்த நடைமுறையும் பலவீனமாக இருக்கும் நாட்டில், அந்த இடைவெளிகளைப் பெரிய குழுமங்களே நிரப்புகின்றன, அமெரிக்க அறிவுரையை அங்கே அப்படியே நட்டால் முளைக்காது. 1975இன் இந்தியாவுக்கு இது பொருந்தும். இன்றைய இந்தியாவுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை மாணவர்கள்தான் வாதாடித் தீர்க்க வேண்டும்.

இங்கே முருகப்பா குழுமத்தைச் சற்று ஒப்பிடுவது உதவும், நீண்ட நேரம் வேண்டாம். சைக்கிள், உரம், சர்க்கரை, நிதி என்று அதுவும் பல தொழில் குடும்பம்தான்; 1900இல் பர்மாவின் மௌல்மெய்னில் தொடங்கியது. ஆனால் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், கோரமண்டல், சோழமண்டலம் எல்லாம் பங்குச்சந்தையில் தனித்தனி நிறுவனங்கள், தனித்தனிப் பங்குதாரர்கள். கோரமண்டல் சம்பாதித்ததை எடுத்து டியூப் நிறுவனத்தில் நேராகப் போட முடியாது. ஐடிசியில் ஒரே கல்லாப்பெட்டி, முருகப்பாவில் பல கல்லாப்பெட்டி. பாரிமுனையின் டேர் ஹவுஸிலிருந்து பிரிவுகளுக்குப் போவது பெயரும் ஆட்களும் அனுபவமும்தான். தலைமையகம் என்ன தருகிறது என்ற கேள்விக்கு இரு இடத்திலும் வேறு வேறு பதில் வருவதை மாணவர் பார்த்துவிட்டால், எந்த நிறுவனத்துக்கும் ஒரே கட்டத்தைப் போட்டு நிரப்பும் பழக்கம் போய்விடும்.

கடைசி வகுப்பை ஹோட்டலுக்கே ஒதுக்குவேன். 2023 ஜூலையில் ஹோட்டல் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரிக்கப் போவதாக ஐடிசி அறிவித்தது. ஐடிசியின் பத்துப் பங்குக்கு ஐடிசி ஹோட்டல்ஸின் ஒரு பங்கு. 2025 ஜனவரி 1 முதல் பிரிவினை அமலுக்கு வந்தது. அதே மாத இறுதியில் புதிய நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தனிக்குடித்தனம். ஆனால் முழுவதுமாக விடவில்லை. 60 சதவீதம் நேரடியாகப் பங்குதாரர்களுக்குப் போனது, 40 சதவீதத்தைத் தாய் நிறுவனம் கையிலேயே வைத்துக்கொண்டது. அறிவிப்பு வந்த அன்று ஐடிசி பங்கு விலை இறங்கியது. ஏன் 40? சுழியமாக இருந்திருக்கலாம், 75 ஆக இருந்திருக்கலாம். இதுவரை படித்த எல்லாம் இந்த ஓர் எண்ணில் வந்து நிற்கும். ஹோட்டலுக்குத் தாய் நிறுவனம் எதைத் தருகிறது என்று நம்புகிறது, எதை இனித் தர வேண்டியதில்லை என்று நினைக்கிறது, அந்த நம்பிக்கைக்குக் கணக்கில் சான்று உண்டா என்று எழுதச் சொல்வேன். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்பது நிபந்தனை. பக்கம் குறைந்தால் பட்டியல் போட இடமிருக்காது.

அவர்கள் எழுதி முடித்துப் பேனாவை வைத்ததும் இன்னொரு செய்தியைப் பலகையில் எழுதுவேன். ஹோட்டல் பிரிந்த மூன்றாவது மாதம், 2025 மார்ச்சில், உத்தராகண்டின் லால்குவாவில் இருக்கும் செஞ்சுரி காகித ஆலையைச் சுமார் 3,500 கோடி ரூபாய்க்கு வாங்கப்போவதாக ஐடிசி அறிவித்தது. காகிதமும் மூலதனத்தை விழுங்கும் தொழில்தான், லாப விகிதமும் ஏறி இறங்கும். ஒன்றைப் பாரம் என்று இறக்கி வைத்த கை இன்னொன்றை ஏன் தூக்குகிறது? சிலர் உடனே கையைத் தூக்குவார்கள். இன்னும் சிலர் பையைத் திறந்து, முதல் நாள் கொடுத்த அந்த இரண்டு பக்கங்களை எடுத்து, பிரிவுகளுக்கிடையேயான விற்பனை வரியைத் தேடுவார்கள்.